பையர் பார்க்கிற பக்கம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி தன் வெப்சைட்டை எப்போது மாற்றும்? டிசைனர் போய்க் கேட்டால் மாற்றாது. மகன் வெளியூரில் படித்துவிட்டு வந்து, "அப்பா, நம்ம சைட்டு பழசு" என்று முகம் சுளித்தாலும் உடனே மாற்றாது. ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ ஒரு மெயில் வர வேண்டும். உங்கள் சைட்டில் இந்த விவரம் இல்லையே என்று அதில் ஒரு வரி இருக்க வேண்டும். அன்று மதியமே எனக்குப் போன் வந்துவிடும்.

அந்த மெயிலை எழுதுகிற ஆள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறார். முதலில் அவர் சட்டை வாங்க வந்த வியாபாரி, எங்கள் பேச்சில் 'பையர்'. பிறகு சாயத்தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கிறவர். அதற்கப்புறம் தீயணைப்பான் எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்க்கிறவர். ஒவ்வொரு முறையும் எங்கள் ஊர் முகப்புப் பக்கம் அவருக்காகத் தன்னை மாற்றிக்கொண்டது. பழைய பக்கங்களை வரிசையாக எடுத்து அடுக்கினால் ஊரின் கதை அதில் வந்துவிடும். கால் நூற்றாண்டாக இந்த சைட்டுகளைச் செய்தும் கலைத்தும் பிழைக்கிறவன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு இதைச் சொல்கிறேன்.

உள்நாட்டுக்கு பனியனும் ஜட்டியும் தைத்துக்கொண்டிருந்த ஊர், 1970களின் கடைசியில் ஏற்றுமதிக்குத் திரும்பியது. வெரோனா என்ற இத்தாலிக்காரர் வந்து வாங்கியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தபோது தொழில் காலூன்றியிருந்தது. அப்போது கம்பெனியின் முகம் என்றால் ஒரு ஆல்பமும் ஒரு சூட்கேஸ் நிறைய சாம்பிளும்தான். பையர் ஓட்டலில் தங்குவார், சூட்கேஸ் அங்கே போகும். மற்றதெல்லாம் ஃபேக்ஸ். வெளிச்சத்தில் கிடந்தால் எழுத்து மங்கிப்போகிற அந்த வழவழப்புத் தாளை ஜெராக்ஸ் எடுத்து ஃபைல் செய்வது, பையரோடு ஆர்டர் விவரம் பேசுகிற மெர்ச்சண்டைசரின் தினசரி வேலைகளில் ஒன்று.

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. படம் பார்க்க முடிகிற கணக்கு ஒரு தனியாளுக்கு 15,000 ரூபாய். எங்கள் ஊரில் அதை முதலில் வாங்கியவர்கள் மெயிலுக்காக வாங்கினார்கள். வெளிநாட்டுக்கு ஃபேக்ஸ் அனுப்பும் செலவோடு ஒப்பிட்டால் மெயில் இனாம் மாதிரி. வெப்சைட் என்பது அதற்கப்புறம் வந்த ஆசை. டாட் காம் பெயர் ஒன்றைப் பதிய 1998 வாக்கில் இரண்டு ஆண்டுக்கு 70 டாலர் ஆகும். டாலரில் கட்ட வெளிநாட்டில் செல்லும் கிரெடிட் கார்டு வேண்டும். கார்டு வைத்திருந்தவர் அந்தப் பெயரைத் தன் பெயரிலேயே பதிந்துகொண்டார். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சைட்டைச் செய்தது யார்? கம்ப்யூட்டர் படித்தவர்கள் அல்ல. அவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். சட்டைக் கழுத்தில் தைக்கும் லேபிள், தொங்கவிடும் டேக், பாலிபேக், அட்டைப்பெட்டியின் மேல் அச்சடிக்கிற மார்க் இவற்றை கோரல் டிராவில் வரைந்துகொண்டிருந்த டி.டி.பி. ஆட்கள்தான் செய்தோம். அச்சுத்தொழிலின் பழக்கமெல்லாம் எங்களோடு வந்தது. "மேட்டர் எப்பங்க வரும்?" என்று கேட்போம். பழைய பிரவுச்சரை எடுத்து நீட்டுவார்கள். புரூஃப் காட்டுவோம். கரெக்‌ஷன் போடுவார்கள். பைனல் என்று கையெழுத்து வாங்குவோம். அச்சில் பைனலுக்குப் பிறகு மாற்ற முடியாது, சைட்டில் மாற்றலாம் என்பதை முதலாளிகள் எங்களைவிடச் சீக்கிரம் கண்டுகொண்டார்கள். பைனல், ரியல் பைனல், நியூ பைனல் என்று ஃபைல்களுக்குப் பெயர் வைத்த காலம் அது.

பக்கத்தைப் பலகை மாதிரி முழுதாக வரைந்து, துண்டுதுண்டாக வெட்டி, அட்டவணைக் கட்டங்களுக்குள் மறுபடி ஒட்டுவதுதான் அன்றைய முறை. இடைவெளி வேண்டுமென்றால் ஒரே ஒரு புள்ளி அளவுள்ள, நிறமே இல்லாத படத்தை வைத்து இழுத்து நீட்டுவோம். இதையெல்லாம் முறையாகச் செய்ய சி.எஸ்.எஸ். என்ற ஏற்பாடு 1996 டிசம்பரிலேயே வந்திருந்தது. ஆனால் அதை ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டதால் நாங்கள் நம்பவில்லை. கீழே ஒரு வரி தவறாமல் இருக்கும்: இந்தத் தளத்தை 800க்கு 600 திரையில் பார்க்கவும். பார்க்கிறவன் திரையை நமக்காக மாற்றுவான் என்று எப்படி நினைத்தோமோ தெரியவில்லை.

அந்த முதல் தலைமுறை சைட்டுகளின் முகப்பில் ஒரு கட்டடம் இருக்கும். நான் செய்ததிலும் இருந்தது, மற்றவர்கள் செய்ததிலும் இருந்தது. முன்னால் ஒரு கார், மேலே பெயர்ப்பலகை, ஓரமாக ஒரு அசோக மரம். இது முதலாளியின் பெருமைக்காக என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருவர்தான் விளக்கினார்: "தம்பி, இங்க பாதிப் பேரு ஏஜென்ட்டுங்க. ரூமும் போனும் வெச்சுக்கிட்டு ஃபேக்டரின்னு சொல்லுவாங்க. நமக்குச் சொந்தக் கட்டடம் இருக்குதுன்னு பையருக்குத் தெரியோணுமில்லீங்களா?" ஜாப் ஒர்க்கில் ஓடுகிற ஊர் இது. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் ஒரு பவர்டேபிளில், செக்கிங்கும் பேக்கிங்கும் இன்னோரிடம். ஒரே கம்பெனி என்று எதைக் காட்டுவது? கட்டடத்தைத்தான் காட்ட முடியும்.

சைட்டுகளை மாற்றும் முதல் பெரிய அலை 2003, 2004இல் வந்தது. காரணம் டிசைனில் இல்லை, கோட்டாவில் இருந்தது. 1974இலிருந்து நடப்பில் இருந்த ஒப்பந்தப்படி, இன்ன நாட்டிலிருந்து இன்ன ஆடை இவ்வளவுதான் வரலாம் என்று பணக்கார நாடுகள் அளவு வைத்திருந்தன. கோட்டா கையில் இருந்தவருக்கு ஆர்டர் கிடைத்தது; சைட் எப்படி இருந்தால் என்ன? 2005 ஜனவரி 1 அன்று அந்த ஏற்பாடு முடிகிறது என்று பத்து ஆண்டுக்கு முன்பே தெரியும். தெரிந்தும், கடைசி இரண்டு வருடத்தில்தான் எல்லோருக்கும் சுருக்கென்றது. இனி சீனாவோடு நேருக்கு நேர். பெரிய பையர்கள் சின்னச் சின்னதாக நூறு பேரிடம் வாங்குவதை விட்டு, எல்லாம் ஒரே இடத்தில் செய்கிற (வெர்டிகல் யூனிட் என்பார்கள்) சிலரிடம் வாங்கப்போகிறார்கள் என்ற பேச்சு ஊரெல்லாம் இருந்தது.

கட்டடப் படம் கீழே இறங்கியது. நூலில் தொடங்கி நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், பிரின்டிங், எம்பிராய்டரி என்று வரிசையாகப் பக்கங்கள் வந்தன. நாளைக்கு எத்தனை பீஸ் என்ற எண் முகப்பின் நடுவில் உட்கார்ந்தது. அந்த எண்ணை எழுதுவதற்கு முன் முதலாளி கொஞ்சம் யோசிப்பார், அக்கவுன்டன்ட் முகத்தைப் பார்ப்பார். நாங்கள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வோம்.

ஃபிளாஷ் வந்ததும் இதே சமயம்தான். கறுப்புத் திரையில் ஒரு ஊசி வரும், நூல் ஓடும், நூல் வளைந்து கம்பெனி பெயரை எழுதும், பின்னால் புல்லாங்குழல். ஒரு ஊசியையும் நூலையும் ஓடவிட நான் இரவெல்லாம் விழித்திருக்கிறேன். திட்டமிடும் கூட்டம் என்றால் அன்றைக்கு அதைப் பற்றித்தான் பேச்சு: ஊசி இடமிருந்து வருவதா வலமிருந்தா, குழலா வீணையா. சாம்பிள் துணி வாங்க வந்த பையர் மேலே மூலையில் இருந்த 'ஸ்கிப்' பொத்தானை அழுத்திவிட்டுப் போனார். ஐபோனில் ஃபிளாஷ் ஓடாது என்று ஆன பிறகு ஊசி நின்றது. 2020 டிசம்பர் 31 அன்று அடோபி அதை மொத்தமாக மூடியபோது, யாரும் தொடாமல் கிடந்த பழைய சைட்டுகள் வெறும் கறுப்புக் கட்டமாக நின்றன. அந்தக் கலையில் எனக்கு இன்னும் கொஞ்சம் பாசம் உண்டு. தொழிலுக்கு அது உதவவில்லை என்பதும் உண்மை.

அடுத்தது 2011. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

நொய்யலில் சாயத்தண்ணீர் போனது ஊருக்குப் புதிய செய்தி அல்ல. கீழே ஒரத்துப்பாளையம் அணையில் அந்தத் தண்ணீர் தேங்கி, பாசனத்துக்குக் கட்டிய அணையே விவசாயிகளுக்கு வினையாகிப் பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்ற உத்தரவு நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளில் மின்சாரம் போனது. துணி சாயத்துக்கு வெளியூர் போகத் தொடங்கியது.

அந்த வாரங்களில் எனக்கு வந்த போன்களில் புதுப் பக்கம் கேட்டவர்கள் குறைவு. இருப்பதை எடுக்கச் சொன்னவர்கள்தான் அதிகம். ஒரு மெர்ச்சண்டைசிங் ரூமில் நடந்த பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மேசையில், சாய நிறத்துக்கு ஒப்புதல் வாங்குகிற லேப் டிப் அட்டைகள்: ஒரே நீலத்தில் ஏ, பி, சி என்று மூன்று சதுரத் துணி, பக்கத்தில் பையர் 'பி' என்று டிக் அடித்து அனுப்பிய தாள். முதலாளி அந்த அட்டையை விரலால் தட்டிக்கொண்டே, "டையிங் பக்கத்த எடுத்துருங்க தம்பி" என்றார்.

மெர்ச்சண்டைசர் பெண், "எடுத்தா கேப்பாங்க சார். போன மாசம்தான் வெர்டிகல் யூனிட்னு மெயில்ல லிங்க் அனுப்பியிருக்கேன்" என்றார்.

"அப்ப என்னம்மா பண்ணலாம்?"

"இருக்கறத இருக்கறபடி சொல்லீரலாம் சார். ஆர்.ஓ. போட்டிருக்கறோம், எவாப்பரேட்டர் வருதுன்னு. படத்தோட."

முதலாளி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, எவாப்பரேட்டர் வந்து இறங்கினதும் படம் எடுத்துக்கலாமுங்களா என்று கேட்டார். அந்தப் பக்கம் காலியாகவே சில மாதம் கிடந்தது. பிறகு நிறைந்தது: சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்திப் பிரிக்கும் ஆர்.ஓ. குழாய்கள், மிச்ச உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் உயரமான கோபுரம், மீட்டெடுத்த உப்பு மூட்டைகள், திரும்பச் சாயத்துக்கே போகும் தண்ணீர். முன்பு சட்டை போட்ட மாடல் நின்ற இடத்தில் இப்போது தண்ணீர்க் குழாய். உடுமலை, பல்லடம் பக்கம் போட்டிருந்த காற்றாலைகளும் அப்போதுதான் முகப்புக்கு வந்தன. வரிக்கணக்கிலும் கரண்ட் பில்லிலும் மட்டும் இருந்தவை அவை.

என் பார்வையில் திருப்பூர் வெப்சைட்டுகளில் நல்ல திட்டமிடல் தொடங்கியது அந்த மேசையில்தான். எதைக் காட்டலாம் என்ற பேச்சு போய், எதைச் சொன்னால் நாளைக்கு நேரில் வந்து பார்க்கிறவனிடம் மாட்டிக்கொள்ளாமல் இருக்கலாம் என்ற பேச்சு வந்தது. அந்தப் பெண் சொன்னதைப் போல டிசைனர்கள் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. அதிலிருந்து புது வேலை என்றால் முதலாளி அறைக்குப் போவதற்கு முன் மெர்ச்சண்டைசர்களிடம் உட்கார்ந்து, இந்த ஆறு மாதத்தில் பையர்கள் மெயிலில் கேட்ட கேள்விகளை எடுத்துத் தரச் சொல்கிறேன். அந்தக் கேள்விகள்தான் சைட்டின் பக்கங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு பழைய பேக்கிங் லிஸ்ட்டின் பின்பக்கத்தில்தான் வரைபடம் போடுவோம்.

2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்கள் நம் ஊர் டெய்லர் மாதிரியே தைத்துக்கொண்டிருந்தவர்கள். அதற்கு முன்பே சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பெண்களை நூற்பாலைகளில் அடைத்து வைக்கிறார்கள் என்று நெதர்லாந்து அமைப்புகள் அறிக்கை வெளியிட்டு, தமிழ்நாட்டுப் பெயர் ஐரோப்பியப் பத்திரிகைகளில் அடிபட்டிருந்தது. பெரிய பிராண்டுகள் தாங்கள் வாங்கும் ஆலைகளின் பட்டியலை வெளியிடத் தொடங்கின. அதுவரை திருப்பூர்க் கம்பெனியின் பெயர் பையருக்கும் கப்பல் ஏஜென்டுக்கும் மட்டும் தெரிந்த பெயர். இப்போது ஸ்டாக்ஹோமில் சட்டை வாங்கும் கல்லூரி மாணவி அந்தப் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

உடனே கேமராவோடு தையல் கூடத்துக்குள் போனோம். கட்டிங் மாஸ்டர் கையில் இரும்பு வலைக் கையுறை, ஓவர்லாக் மிஷினில் கண்ணாடித் தடுப்பு, ஊசிக்குப் பக்கத்தில் விரல் காப்பு, தரையில் மஞ்சள் கோடு, வெளியேறும் வழிக்குப் பச்சை அம்பு. கைமடிக்கிற அம்மா ஒருவர், "எங்களையுமா போட்டோ புடிக்கிறீங்க?" என்று சேலையைச் சரிசெய்துகொண்டார். அதுவரை எந்தச் சைட்டிலும் அவர் இருந்ததில்லை. கையுறை அன்றைக்கு மட்டும் போட்டதா என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஓரிடத்தில் புதுக் கையுறையின் பிளாஸ்டிக் உறை மேசைக்கடியில் கிடந்ததைப் பார்த்தேன்.

இந்தக் காலத்து சைட்டுகளின் பெரிய வியாதி சர்டிஃபிகேட். எஸ்.ஏ. 8000, ஓகோ-டெக்ஸ், காட்ஸ் என்று வரிசையாக ஸ்கேன் பண்ணிப் போடுவோம். ஒவ்வொன்றுக்கும் கெடு தேதி உண்டு. தேதி முடிந்த சர்டிஃபிகேட் சைட்டில் கிடப்பதைவிட சர்டிஃபிகேட்டே இல்லாமல் இருப்பது மேல். யார் புதுசு வந்ததும் மாற்றுவார் என்று ஒரு ஆளின் பெயரை எழுதி வாங்காமல் அந்தப் பக்கத்தை நான் கட்டுவதில்லை.

செல்போனால் வந்த மாற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது எல்லா ஊருக்கும் பொது. ஒரே பக்கம் எந்தத் திரைக்கும் வளைந்துகொடுக்கும் முறையை 2010இல் ஈத்தன் மார்காட் என்ற வெப் டிசைனர் எழுதிக் காட்டினார். 2015 ஏப்ரல் 21 முதல், செல்போனில் சரியாகத் தெரியாத சைட்டுகளை கூகுள் போன் தேடலில் பின்னுக்குத் தள்ளத் தொடங்கியது. திருப்பூரில் அதைவிட வேகமாக வேலை செய்த காரணம், முதலாளிகளே தங்கள் சைட்டைத் தங்கள் போனில் பார்த்துவிட்டதுதான். 2018 ஜூலையிலிருந்து பூட்டுக்குறி இல்லாத சைட்டுகளை குரோம் பாதுகாப்பற்றது என்று சொல்லத் தொடங்கியதும் இன்னொரு சுற்று வேலை வந்தது.

தமிழ் வந்த கதைதான் எனக்குப் பிடித்தது. 2000 வாக்கில் ஒரு முதலாளி, முகப்பில் 'வணக்கம்' இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். பார்க்கிறவர் கணினியில் நம் எழுத்துரு இருக்காது. ஆளுக்கொரு எழுத்துரு, அதற்கொரு குறியீடு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு அரசு தாம், தாப் என்று இரண்டு தரங்களை ஏற்றது. அப்புறமும் குழப்பம் தீரவில்லை. ஆகவே 'வணக்கம்' என்பதைப் படமாகச் செய்து ஒட்டினேன். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து, யூனிகோடு எல்லாப் போனிலும் வந்தபின், தமிழ் வேறு காரணத்துக்காகத் திரும்பி வந்தது: ஆட்கள் தேவை. தையல் தெரிந்தவர்கள் கிடைக்காத நிலையில் விடுதி, பேருந்து, பி.எஃப். விவரங்களைத் தமிழில் போடச் சொன்னார்கள். பிறகு இந்தி, சில இடத்தில் ஒடியா. பையருக்கு மட்டுமே இருந்த சைட்டில் தொழிலாளிக்கு ஒரு பக்கம் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் அந்த லிங்க் பீகார் வரை போகிறது.

கொரோனா வந்த 2020இல் சில மாதம் முகப்பெல்லாம் மாஸ்க்கும் முழு உடல் கவசமும். அந்தப் படங்களை ஏற்றிய வேகத்தில் இறக்கவும் செய்தோம்.

இப்போது வந்திருக்கும் மெயில்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதுச் சட்டத்தைப் பற்றியவை. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த அந்தச் சட்டப்படி, துணி உட்பட பல பொருள்களுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் படிப்படியாக வரப்போகிறது. சட்டையில் ஒரு குறியீடு, அதைப் போனில் காட்டினால் அது என்ன நூல், எங்கே செய்தது போன்ற விவரம். அப்போது பையர் பார்ப்பது முகப்புப் பக்கத்தை அல்ல, ஒரு சட்டையின் பக்கத்தை. அதற்கு எப்படித் திட்டமிடுவது என்று பேச ஆரம்பித்திருக்கிறோம். லேபிள் வரைந்து தொழிலுக்கு வந்தவனை மறுபடி லேபிளிடமே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

கடைசியாக, சைட்டை மாற்றப்போகிற முதலாளிகளுக்கு இரண்டு விஷயம். ஒன்று, முன்னே விட்டுவைத்தது: உங்கள் டாட் காம் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். அன்று கார்டு வைத்திருந்தவர் பெயரிலேயே அது இன்னும் இருக்கலாம். அவர் ஊரை விட்டுப் போயிருக்கலாம். அதை மீட்க அலைந்து, கடைசியில் பெயரையே மாற்றிய கம்பெனி எனக்குத் தெரியும். இரண்டு, பழைய சைட்டை அழிப்பதற்கு முன் முழுதாக ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996இலிருந்து உலகத்துப் பக்கங்களைச் சேமித்து வருகிறது. அதில் நம் ஊர்ப் பக்கங்கள் பாதி படமில்லாமல்தான் கிடக்கின்றன. உங்கள் கட்டடம், உங்கள் டையிங் பக்கம், கைமடிக்கிற அம்மா எல்லாம் அந்தப் பழைய ஃபோல்டரில்தான் இருக்கிறார்கள். டிசைனரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் செய்தவர்கள் வந்தால் தருகிறேன்.